அப்சல் பேசாத பதினோரு நாள்

அப்ரீன் பானு உண்டாகி நான்காம் மாதம் பிறந்த அன்று சவூதியின் தம்மாமிலிருந்து அவள் கணவன் அப்சல் ஒரு வீடியோ அனுப்பினான். செல்போன் அலை வயிற்றுப் பிள்ளையை என்ன பாடு படுத்தும் என்று கோட்டு போட்ட ஒருவர் அதில் மிரட்டிக்கொண்டிருந்தார். பின்னாலேயே அவன் போனும் வந்தது.

"வைஃபை பெட்டியக் கழத்திரு. போனை அடுக்களையில வச்சுட்டு உள் ரூம்ல படு. வாரத்துக்கு ஒருக்க, அஞ்சு நிமிசம் பேசுனாப் போதும்."

"நெசமாத்தான் சொல்லுதீயளா மச்சான்?"

"சொன்னதச் செய் புள்ள."

செய்தாள். முந்தைய இரண்டு கருவும் மூன்று மாதம் தாண்டாமல் கலைந்திருந்தன. இது தங்குமென்றால் எதையும் செய்திருப்பாள். மாமியார் மீரா பீவி தன் பட்டன் போனைக்கூட பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்துவிட்டாள்.

முதல் வெள்ளிக்கிழமை அப்சல் பேசினான். மாத்திரை போட்டியா, பெட்டியக் கழத்துனியா, அவ்வளவுதான். அடுத்த வெள்ளி போன் வரவில்லை. அவள் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

நாள் முழுக்கத் தெருவில் விசைத்தறிகள் தடதடத்தன. வீட்டுக்குள் மாமியாரை விட்டால், மனசுவிட்டுப் பேச ஆளில்லை. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவன் ஊரில் இருந்தது மொத்தம் ஏழு மாதம். மற்றதெல்லாம் போனிலேயே நடந்த குடித்தனம். பிள்ளை தங்காதவள் என்று சலித்துவிட்டானோ, கைகழுவ அலை ஒரு சாக்கோ என்று நினைக்க நினைக்கச் சோறு இறங்கவில்லை.

அவன் கடைசியாகப் பேசிப் பதினோராம் நாள் செக்கப்புக்குப் போனாள். டாக்டர் சண்முகசுந்தரி எடை மிஷினைப் பார்த்துவிட்டு முறைத்தார்.

"ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கு. சாப்பிடுதியா இல்லியா?"

அப்ரீன் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"போனால கரு கலையும்னு இதுவரைக்கும் உறுதியாகல. பயமா இருந்தா ஸ்பீக்கர்ல போட்டுத் தள்ளி வச்சுப் பேசு. தலைமாட்டுல வைக்காத. அது போதும். ஆனா நீ பட்டினி கெடந்தா பிள்ளைக்கு ஆகாது. அத நான் உறுதியாச் சொல்லுவேன்."

வெளியே வந்து அவனைக் கூப்பிட்டாள். மூன்றாம் தடவை எடுத்தான்.

"என்னாச்சு? பிள்ளைக்கு ஏதும்..."

"பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. என்னைய வேண்டாம்னா நேராச் சொல்லிருங்க மச்சான். அலைய ஏன் இழுக்கீய?"

அவன் அழுவது கேட்டது.

"முந்துன ரெண்டு தடவையும் போனை வயித்துல வையின்னு சொன்னது யாரு? வாப்பா குரல் கேக்கட்டும்னு தெனமும் அரை மணி நேரம் குர்ஆன் ஓதுனேன். ரெண்டையும் நானே கொன்னுட்டேன் அப்ரீன். இப்ப ஒன் நம்பரைப் பாத்தாலே எடுக்கப் பயமா இருக்கு."

அப்ரீன் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் வாழ்க்கையில் அந்த அரை மணி நேரங்களைப் போல நிம்மதியானவை வேறில்லை. அதையா இவன் கொலையாகச் சுமந்துகொண்டு திரிகிறான்?

"டாக்டரம்மா அப்படியில்லன்னு சொன்னாவ."

"அடிச்சுச் சொன்னாவளா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. எழுந்து, வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுக்க உள்ளே போய், போனை ஸ்பீக்கரில் போட்டு டாக்டர் மேஜையில் வைத்தாள். "இவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க டாக்டர்."

விஷயத்தைக் கேட்டதும் சண்முகசுந்தரி பேனாவைக் கீழே வைத்தார். "தம்பி, மொத மூணு மாசத்துல கலையுறது பெரும்பாலும் கரு உருவாகும்போதே இருக்கிற கோளாறு. நீங்க ஓதுனதுனால கலைஞ்சுதுன்னு சொல்ல எந்த ஆதாரமும் இல்ல. ஒங்க மேலயும் தப்பில்ல, இவ மேலயும் தப்பில்ல."

"சரிங்க," என்றான் அப்சல். "சரிங்க டாக்டர்." நம்பியவன் குரலாக அது இல்லை.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பத்து நிமிடம் பேசுகிறான். எடுத்ததும் முதல் கேள்வி, "தள்ளி வச்சிருக்கியா?" என்பதுதான். அவள் போனை ஜன்னலில் வைத்துவிட்டு, தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசுகிறாள். இப்போது ஏழாம் மாதம். பிரசவத்துக்கு லீவு கேட்டிருக்கிறான். கம்பெனி இன்னும் பதில் சொல்லவில்லை.