தோற்பதற்கு முன்பே தோற்ற நாலாம் பேட்டை

குரிஹரா மேட்டில் நாலாம் பேட்டைக்காரர்கள் கடைக்குப் போய் டாய்லெட் பேப்பர் வாங்கிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. அக்டோபர் மாதம் குடியிருப்போர் சங்கம் நடத்தும் விளையாட்டு விழாவில் கடைசிப் போட்டி கயிறிழுப்பு. ஜெயிக்கிற பேட்டைக்கு வீட்டுக்கு ஒரு பை புது அரிசி. தோற்கிற பேட்டைக்கு வீட்டுக்கு ஒரு கட்டு டாய்லெட் பேப்பர். மூன்றாம் பேட்டை வருஷம் தவறாமல் புது அரிசிச் சோறு சாப்பிட்டது. நாலாம் பேட்டைக்கு எது வாய்த்தது என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சேதியை வருஷா வருஷம் எழுதி வந்தவள் நோரியே. அவளும் நாலாம் பேட்டைக்காரிதான். மாதம் ஒரு தாள், இரண்டு பக்கம், பெயர் ‘குரிஹரா செய்தி’. உதிர்ந்த இலைகளை எந்தக் கிழமை மூட்டை கட்டி வைக்க வேண்டும், யார் வீட்டுப் பூனையைக் காணோம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுடும் விழாவுக்கு விறகு போதுமா என்பதெல்லாம் அதில் வரும். அந்தத் தாளைத் தெருக்குழுத் தலைவர்கள் ஓர் அட்டையில் செருகி அனுப்புவார்கள். அட்டை வீடு வீடாகப் போகும். படித்ததற்கு அடையாளமாகப் பெயர் முத்திரையைக் குத்திவிட்டு, அடுத்த வீட்டுக்குக் கை மாற்றிவிட வேண்டும்.

முத்திரை என்னவோ ஒழுங்காக விழுந்தது. ஆனால் யாராவது படிக்கிறார்களா என்ற சந்தேகம் நோரியேயின் மனதை வெகு நாளாக அரித்துக்கொண்டிருந்தது. கட்டின புருஷன் தேய்ஜியே அந்தத் தாளை விரித்துப் போட்டுத்தான் கால் நகம் வெட்டினான். ஒரு வருஷம் வேண்டுமென்றே கிழங்கு விழாவின் தேதியை நவம்பர் முப்பத்திரண்டு என்று போட்டுப் பார்த்தாள். ஊரில் ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. அன்றைக்குச் சமையலறையில் உட்கார்ந்து அவள் கொஞ்சம் அழுதாள்.

அதற்குப் பிறகு அவளுக்கும் அக்கறை விட்டுப்போய்விட்டது. விளையாட்டு விழா ஞாயிற்றுக்கிழமை, சங்கக் கட்டடத்தில் அச்சு இயந்திரம் கிடைப்பதோ அதற்கு முந்தின வியாழக்கிழமை மட்டும். விழா முடிந்த பிறகு எழுதினால் சேதி அடுத்த மாதம்தான் வரும். எப்படியும் மூன்றாம் பேட்டைதான் ஜெயிக்கப் போகிறது, இதற்கு எதற்குக் காத்திருப்பது? வியாழக்கிழமையே எழுதி அச்சடித்துக் கட்டி வைத்துவிடுவாள். ஞாயிறு சாயங்காலம் அட்டை கிளம்பும். அட்டையைக் கண்டதுமே ஊர் மெச்சிக்கொள்ளும், அடடா, என்ன வேகம் என்று.

இந்த வருஷமும் அப்படித்தான் எழுதினாள். ‘தெளிந்த இலையுதிர்கால வானத்தின் கீழ் விழா இனிதே நடந்தேறியது. கயிறிழுப்பில் வழக்கம்போல் மூன்றாம் பேட்டை வாகை சூடியது. பேருந்து ஓட்டுநர் நுமாதா வழக்கம்போல் ஒரு ஷூவைப் பறிகொடுத்தார். தோல்வி பழகிப்போன நாலாம் பேட்டையினர் முகமலர்ச்சியுடன் பரிசைப் பெற்றுக்கொண்டனர்.’

ஞாயிறு விடிந்தபோது வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. விழா உண்டு என்று அறிவிக்கும் காலை வேட்டுச் சத்தம் கேட்கவில்லை. சங்கத்திலிருந்து போன் வந்தது, விழா அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவைப்பு. நல்லதாகப் போயிற்று என்று நோரியே போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். மத்தியானம் எழுந்து கூடத்துக்கு வந்தவள் வாசல் பக்கம் பார்த்தாள். கட்டி வைத்திருந்த தாள்களைக் காணோம். சொட்டச் சொட்ட நனைந்த குடையோடு தேய்ஜி உள்ளே வந்தான்.

“பேப்பர் கட்டு எங்கங்க?”

“எல்லாக் குழுத் தலைவர் வீட்டுலயும் குடுத்துட்டு வந்துட்டேன். நீ அசந்து தூங்கினே. சரி, நாமளாவது ஒரு ஒத்தாசை பண்ணுவோம்னு.”

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு டம்ளரைக் கழுவி வெச்சதில்லையே நீங்க! இன்னிக்குப் பார்த்தா அந்த ஒத்தாசை வரணும்?”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். மழை நாள், எல்லாரும் வீட்டிலேயே இருந்தார்கள். அட்டை ஒரு வீட்டிலும் தங்கவில்லை. இவள் கதவைத் தட்டினால், “இப்பதானே பக்கத்து வீட்டுக்குக் குடுத்தோம்” என்றார்கள். சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு புது இறுக்கம் தெரிந்தது. வானம் தெளிந்திருந்ததாகச் சொன்ன தாளை, கொட்டுகிற மழைக்கு நடுவில் ஊரே படித்து முடித்துவிட்டது.

மறுநாள் சங்கத் தலைவர் இவாபுச்சி போன் செய்தார். மூன்றாம் பேட்டைக்காரர். கயிற்றின் கடைசி முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு நங்கூரம்போல் உட்காரும் ஆள் அவர்தான்.

“நோரியேம்மா, படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்கே. எனக்கென்னவோ அதுல தப்பு ஒண்ணும் தெரியல.”

“தலைவரே, மன்னிச்சுக்கணும். அது வந்து...”

“இரும்மா. ஞாயித்துக்கிழமை நாங்க ஜெயிச்சுட்டா சேதி உண்மையாயிடும். ஒரு வாரம் முந்திடுச்சு, அவ்வளவுதான். ஆனா நடக்கலைன்னு வெச்சுக்கோ, சங்கமே பொய்ச் சேதி போட்டதா ஆயிடும். பேப்பரை நிறுத்திட்டு எல்லாத்தையும் போன்லயே அனுப்பிடலாம்னு கமிட்டியில ஏற்கெனவே சொல்லிக்கிட்டிருக்காங்க. அப்புறம் என்னால தடுக்க முடியாது.”

போனை வைத்த பிறகுதான் நோரியேவுக்கு உறைத்தது. யாரும் படிக்காத தாள், போனால் போகட்டும் என்று இருந்தவளுக்கு, அது போய்விடும் என்றதும் மனசு ஒப்பவில்லை. மாதம் ஒரு தடவை மேஜையில் உட்கார்ந்து ஊர்க்கதையை நாலு வரியில் அடைக்கிற அந்த ஒரு மணி நேரம் இல்லாமல் அவளால் இருக்க முடியாது. ஆகவே அவள் வேண்டிக்கொண்டது வெட்கக்கேடான வேண்டுதல். நாலாம் பேட்டை தோற்க வேண்டும், தன் பேட்டையே தோற்க வேண்டும்.

அந்தப் பேட்டை அவளை ஒதுக்கி வைத்தது. அவர்கள் பாணியில், மிக மரியாதையாக. காலையில் பார்த்தால் குனிந்து வணக்கம் சொன்னார்கள், அதோடு சரி. பக்கத்து வீட்டு ஹோஷினா இலையுதிர்காலம் வந்தால் கூடை நிறையச் சீமைப் பனிச்சம்பழம் கொண்டுவந்து கொடுப்பவள். இந்த வருஷம் மரம் கொள்ளாமல் பழம். வேலிக்கு அந்தப் பக்கம் ஏணி போட்டுப் பறிக்கிற சத்தம் கேட்டதே தவிர, ஒரு பழம் இந்தப் பக்கம் வரவில்லை. சாயங்காலம் ஆனால் ஆளரவம் அத்தனையும் பூங்கா பக்கம் போனது. அங்கே ‘யோய்ஷோ! யோய்ஷோ!’ என்று ஒரே குரலாகக் கூச்சல். இத்தனை வருஷத்தில் நாலாம் பேட்டை பயிற்சி எடுத்து அவள் கேட்டதே இல்லை.

ஞாயிறு வந்தது. காலையில் வேட்டு வெடித்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பெரிய பானையில் பன்றிக்கறி சூப் கொதித்தது, எங்கிருந்தோ இலையுதிர்காலப் பூ ஒன்றின் வாசனை வந்தது. நோரியே கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓர் ஓரமாக நின்றாள். தேய்ஜி மட்டும் அவள் பக்கத்தில் நின்று சூப்பை உறிஞ்சினான்.

கயிற்றில் தொங்கும் பன்னைக் கை படாமல் கவ்வும் ஓட்டத்தில் ஹோஷினா எல்லாருக்கும் முன்னால் எகிறினாள். பன்னைக் கவ்வினாள். இறங்கும்போது கணுக்காலை மடக்கிக்கொண்டாள். பன்னைக் கவ்வியபடியே இருந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்து பாயில் உட்கார வைத்தார்கள். கயிறிழுப்பில் நாலாம் பேட்டைக்குப் பெண்கள் கணக்கில் ஒரு ஆள் குறைந்துபோனது. சுற்றிப் பார்த்தார்கள். பயிற்சிக்கு வராத பெரியவள் என்று நாலாம் பேட்டையில் மிச்சமிருந்தது ஒருத்திதான்.

ஹோஷினா பன்னை மென்று விழுங்கினாள்.

“வா, நோரியே. எழுதின கைதானே, இழுக்கட்டும்.”

“நான் எப்படி... என்னை நம்புவீங்களா?”

“நம்பறதாவது! உனக்கு முன்னாடியும் பின்னாடியும் ஆள் நிக்கும். நீ எந்தப் பக்கம் இழுக்கறேன்னு பார்த்துடுவோம்.”

நோரியே கேமராவைத் தேய்ஜியிடம் கொடுத்துவிட்டு வரிசைக்குப் போனாள். அவளுக்கு முன்னால் நுமாதா. அவன் முதுகில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டு, ‘தோல்வி பழகிப்போன’ என்ற இடத்தில் சிவப்புக் கோடு இழுத்திருந்தது. முன்னால் இருந்த அத்தனை முதுகிலும் அதே தாள். பின்னால் நிற்பவர் படித்துக்கொண்டே இழுக்க வேண்டும் என்று ஏற்பாடு.

“நுமாதா தம்பி, என்னை மன்னிச்சுடுங்க” என்றாள், அவன் முதுகைப் பார்த்து.

“அட, போங்கக்கா. தினமும் பயிற்சிக்கு முன்னாடி இதைச் சத்தமாப் படிச்சுட்டுத்தான் கயித்தைத் தொட்டோம். என் ஷூ வரைக்கும் விடலையே நீங்க!”

“யாரும் படிக்கறதில்லைன்னு நினைச்சுட்டேன். அதான் அசட்டையா...”

நுமாதா திரும்பிப் பார்த்தான். அவனுக்கு நிஜமாகவே ஆச்சரியம். “படிக்காம? எங்க பூனை காணாமப் போனப்ப நீங்க எழுதித்தானே ரெண்டாம் பேட்டையிலேர்ந்து தூக்கிட்டு வந்து குடுத்தாங்க. ஏன், நவம்பர் முப்பத்திரண்டுன்னு போட்டீங்களே, டிப்போவுல படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சோம்.”

“பார்த்தீங்களா அதை? ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லலையே!”

“எப்படிக்கா சொல்றது? பாவம், கை தவறிப் போட்டிருப்பீங்க. முகத்துக்கு நேரா சொன்னா சங்கடப்படுவீங்கன்னு ஊரே பேசாம இருந்துச்சு.”

இத்தனை வருஷமாக ஊர் வாயை மூடிக்கொண்டு அவளைக் காப்பாற்றியிருக்கிறது. அதை அவள் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு ஒரு நாள் அழுதும் இருக்கிறாள். சிரிப்பதா, மறுபடி அழுவதா என்று முடிவெடுப்பதற்குள் விசில் ஊதிவிட்டது.

முதல் ஆட்டம் சட்டென்று முடிந்தது. மூன்றாம் பேட்டை இழுத்த இழுப்பில் நோரியே மண்ணைக் கவ்வினாள். எதிர்ப்பக்கம் இவாபுச்சி எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். இன்னும் ஒன்று ஜெயித்தால் சேதி உண்மை, பேப்பர் பத்திரம். அவள் கையைச் சற்றே தளர்த்தினால் போதும், ஒருவருக்கும் தெரியாது.

இரண்டாவது ஆட்டத்தில் அவள் இழுத்தாள். கண் எதிரே நுமாதாவின் முதுகில் அவள் எழுத்து ஆடியது. ‘முகமலர்ச்சியுடன் பரிசைப் பெற்றுக்கொண்டனர்.’ எந்தப் பாவி எழுதினான் இதை என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பாயில் உட்கார்ந்திருந்த ஹோஷினா தரையைத் தட்டித் தாளம் போட்டாள். யோய்ஷோ! யோய்ஷோ! கயிற்றின் நடுவில் கட்டிய சிவப்புத் துணி மெல்ல, மிக மெல்ல, இந்தப் பக்கம் வந்தது. நாலாம் பேட்டை ஓர் ஆட்டம் ஜெயித்தது.

மூன்றாவது ஆட்டத்தில் கயிறு இந்தப் பக்கமும் வரவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. “படுத்து இழுங்க! வானத்தைப் பாருங்க!” என்று நுமாதா கத்தினான். எல்லாரும் பின்னால் சாய்ந்தார்கள். நோரியேயும் சாய்ந்தாள். தலைக்கு மேலே ஒரு பொட்டு மேகம் இல்லாத வானம், அவள் எழுதியபடியே தெளிந்து கிடந்தது. உள்ளங்கை எரிந்தது. பேப்பர் போகட்டும், போய்த் தொலையட்டும் என்று நினைத்துக்கொண்டே உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கொடுத்தாள். நுமாதாவின் காலிலிருந்து ஒரு ஷூ கழன்று பறந்து அவள் காதோரம் போனது. அவன் வெறும் சாக்ஸை மண்ணில் ஊன்றி ஒரு உறுமு உறுமினான். அடுத்த நொடி நாலாம் பேட்டை மொத்தமும் ஒருவர் மேல் ஒருவராக மல்லாந்து விழுந்தது. எதிரே மூன்றாம் பேட்டை குப்புற விழுந்து கிடந்தது.

யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று கணக்கில்லை. தேய்ஜி சந்தோஷத்தில் கேமராவைத் திருப்பிப் பிடித்து, தன் முகத்தையே வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஹோஷினா நொண்டி நொண்டி வந்து நோரியேயின் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

“சாயங்காலம் கூடையோட வா. பழம் பழுத்து விழுது, திங்க ஆளில்லாம.”

பரிசு கொடுத்து முடிந்ததும் நோரியே அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு இவாபுச்சியிடம் போனாள். அவர் இரண்டு கையிலும் டாய்லெட் பேப்பர் கட்டுகளோடு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றிருந்தார்.

“தலைவரே, பொய்ச் சேதி போட்டுட்டேன். சொன்னபடி பேப்பரை நிறுத்திடறேன்.”

“நிறுத்தறதா?” என்று இவாபுச்சி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “கமிட்டியை நான் பார்த்துக்கறேன். நீ ஒண்ணு பண்ணும்மா. அடுத்த வருஷம் விழாவுக்கு ஒரு வாரம் முன்னாடியே, மூணாம் பேட்டை தோத்துடுச்சுன்னு எழுதி அனுப்பிடு. நல்லா உறைக்கிற மாதிரி எழுது. எங்க பயலுவளுக்கு ரோஷம்னா என்னன்னே தெரியல.”

சாயங்காலம் புது அரிசி அடுப்பில் கொதித்தது. மேஜையில் ஒரு கூடைப் பழம். பக்கத்தில் தேய்ஜி நகவெட்டியோடு உட்கார்ந்து பழைய தாள் ஒன்றை விரித்தான். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

“முதல்ல படிங்க. அப்புறம் வெட்டுங்க.”

“படிச்சுட்டுத்தான்டி எப்பவுமே வெட்டறேன்” என்றான் தேய்ஜி.

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பேனாவை எடுத்து அடுத்த மாதத்துக்கான முதல் சேதியை எழுதினாள்.

‘திருத்தம்: விளையாட்டு விழா குறித்துச் சென்ற இதழில் வந்த செய்தியில், வானமும் நுமாதாவின் ஷூவும் தவிர மற்ற அனைத்தும் தவறு.’