பதித்த பிக்கப்புக்குக் காற்றுப் பை

மகேந்திரராஜாவுக்கு மூளை இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு அவன் செய்கிற வேலைகள்தான் எனக்குத் தலையிடி. எண்பத்தேழாம் ஆண்டு, ஜெர்மனியில் வுப்பர்டால் நகரில் எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு பழைய கார் வாங்கி ஓடிக்கொண்டிருக்க, இவன் போய் ஒரு சின்னப் பிக்கப் வாங்கி வந்தான். முன்பு வைத்திருந்த ஜெர்மன் பெடியன் அழகுக்காக ஸ்பிரிங்கை மாற்றி, அதைத் தரையோடு தரையாகப் பதித்திருந்தான். வீதியில் சிகரெட் பெட்டி கிடந்தாலும் அடியில் தட்டும்.

அவன் மனைவி கலாதேவிக்கு அப்போதுதான் முதல் கல்யாணச் சாப்பாட்டு ஓடர் கிடைத்திருந்தது. பான் நகரில், நாற்பது பேருக்கு. இது சரிவந்தால் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலையை விட்டுவிடலாம் என்று அந்தப் பிள்ளை நம்பியிருந்தது. ஆனால் பிக்கப்பில் இரண்டு மூட்டை அரிசி ஏற்றினாலே பின்பக்கம் குந்தி, சில்லு மட்காட்டில் உரசும். சாம்பாரை ஏற்றினால் பானுக்குச் சட்டி மட்டும்தான் போய்ச் சேரும்.

"பழைய உயரத்துக்கே ஸ்பிரிங்கை மாத்தடாப்பா," என்றேன். நான் கராஜில் வேலை செய்கிறவன், ஏதோ தெரிந்துதான் சொன்னேன்.

"ஐயோ அலோசியஸ் அண்ணை, பதிஞ்சு நிண்டால்தானே வடிவு! பின் அச்சுக்கு மேலை ரப்பர்க் காத்துப் பை பூட்டுவம். பாரம் ஏத்தேக்கை காத்தடிப்பம், இறக்கினாப்பிறகு திறந்து விடுவம்."

கல்யாணத்துக்கு முதல்நாள் முழுக்க அவன் வீட்டு முற்றத்தில் மல்லாந்து கிடந்தேன். அச்சுக்கு மேலே நாலு விரல் இடம். பைக்கோ ஒரு சாண் வேண்டும். உயரம் குறைந்த பையாகத் தேடிப் பிடித்து, தாங்கியை அறுத்துக் குறுக்கி, இரண்டு பக்கமும் பூட்டினேன். ஒரு பிளாஸ்ரிக் குழாயை இரண்டு பைகளுக்கும் பிரித்துவிட்டு, அதன் வாயை இலக்கத் தகட்டுக்குக் கீழே கொண்டுவந்தேன். கீழே கிடந்த எனக்கு அவன் மேலே நின்று புத்தி சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் காற்றடித்துச் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்த்தோம். ஒரு குமிழி வரவில்லை. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை சாம்பார், பாயாசம், வடை எல்லாம் ஏற்றியாயிற்று. சோறு மட்டும் மண்டபத்திலேயே ஆக்குவதாக இருந்தது. பிக்கப் நிமிர்ந்து நின்றது. புறப்படும்போது மகேந்திரராஜா தேங்காயும் கற்பூரமும் கொண்டு வந்தான்.

"ஏன்ராப்பா இது?"

"புதுச் சாமான் பூட்டியிருக்கு, காட்டாமல் போகேலாது. நீங்கள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போறவர், உங்களுக்கு விளங்காது."

விளங்காதுதான். நான் கை கழுவ உள்ளே போனேன். எல்லாரும் வாகனத்துக்கு முன்னால்தான் கற்பூரம் கொளுத்துவார்கள். இவனோ, புதுச் சாமான் பின்னால் இருக்கிறதென்று, பின்பக்கம் அடியில் தள்ளிவைத்துக் கொளுத்தியிருக்கிறான்! பிக்கப் மற்ற வாகனங்கள் மாதிரி உயரமாகவா இருக்கிறது? நெருப்பு நேரே என் குழாயில் பிடித்தது. உஸ்ஸென்ற சத்தத்துக்கு நான் ஓடி வருவதற்குள் கலாதேவி தண்ணீரை ஊற்றிவிட்டாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கவே பிக்கப் மெல்ல மெல்லக் குந்தியது.

குழாய் பிரிகிற இடமே உருகிப் போயிருந்தது. மாற்றுச் சாமான் என்னிடம் இல்லை. காரும் இல்லை, சைக்கிள்தான்; கார் வைத்திருந்தவர்கள் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள்.

"கற்பூரம் காட்டினால் ஒண்டும் பிழைக்காதே அண்ணை," என்று முணுமுணுத்தான். அறையலாம் போல வந்தது. கலாதேவியின் கண் நிறைந்துவிட்டதைக் கண்டு அடக்கிக்கொண்டேன்.

அவள் படியேறிப்போய்த் தூங்கிக்கொண்டிருந்த தங்கள் கைக்குழந்தையைத் தூக்கி என் தோளில் போட்டாள். குழந்தை வண்டிலை இறக்கி, அதற்குள் சாம்பார்ச் சட்டியை வைத்தாள். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரியிடம் இன்னொரு வண்டில் வாங்கிப் பாயாசத்தை வைத்தாள். வடைப் பெட்டிகள் புருஷனின் தலையில். ஸ்ரேசனுக்கு நடந்து, கொலோனில் ரயில் மாறி, பான் போய்ச் சேர்ந்தோம். கல்லு ரோட்டிலும் ஒரு துளி சிந்தவில்லை.

"இரும்புக் குழாய் போட்டிருந்தால், அண்ணை..." என்று ரயிலில் தொடங்கினான்.

"வாயை மூடு," என்றேன்.

பந்தி முடிந்ததும் கல்யாணப் பெண்ணின் தாய் கலாதேவியைத் தேடி வந்தார். "பிள்ளை, நல்ல கைப்பக்குவம். என்ரை தங்கச்சியின்ரை மகள் பெரியபிள்ளையாயிட்டாள், அடுத்த மாசம் சாமத்தியச் சடங்கு. நூறு பேர். செய்வீரோ?"

கலாதேவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. மகேந்திரராஜா ஓடி வந்து, "ஓம் அக்கா, எங்களிட்டைப் பிக்கப்..." என்று வாயெடுத்தான்.

"செய்வன் அக்கா," என்றாள் அவள், அவன் பக்கம் திரும்பாமலே. "ஆனா வாகனம் நீங்கள்தான் அனுப்போணும்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் இன்னொரு வடையை எடுத்துக்கொண்டேன்.