சந்தைப் படத்தில் நின்றவர்

பத்திரிகைக்குப் படம் எடுக்கும் தேவராஜன், நடவைப் படம் பிடிக்க மானாம்பதிக்குப் போயிருந்தான். அவன் கையிலிருந்த கேமராவைப் பார்த்ததும், நாற்று நட்டுக்கொண்டிருந்த கோவிந்தம்மாள் சேற்றுக் காலோடு வரப்பேறி ஓடிவந்தாள். இடுப்பில் செருகியிருந்த பேப்பரை விரித்தாள். போன வாரம் அவன் உத்திரமேரூர் சந்தையில் எடுத்த படம் அதில் வந்திருந்தது.

"கத்திரிக்கா கடையாண்ட நின்னுகினு கீறாரே, இவரு என் வூட்டுக்காரரு சார். சண்டை போட்டுகினு போனவரு. இப்ப எங்க கீறாரு?"

கூட்டத்தில் யாரோ ஒருவர், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். தயங்கித் தயங்கி அதைச் சொன்னான். அவள் பேப்பரை மடித்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அப்போ என்னையும் ஒரு படம் எடுத்து பேப்பர்ல போடுங்க சார். எங்க இருந்தாலும் பார்ப்பாரு இல்ல?"

வாய்க்காலில் முகம் கழுவி, தலையைக் கோதிக்கொண்டு வந்து நின்றாள். ஆசிரியரிடம் மன்றாடி அந்தப் படத்தைப் போட வைத்தான் தேவராஜன்.

அதற்குப் பிறகு எந்த ஊர்ச் சந்தைக்குப் போனாலும் அவன் கண் அந்த மனிதரைத்தான் தேடியது. அவன் போகும் பஸ் மானாம்பதியில் நின்றால் போதும், கோவிந்தம்மாள் ஜன்னலோரம் வந்துவிடுவாள்.

"யாருனா வந்து கேட்டாங்களா சார்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு இல்லையென்பான்.

"பார்த்திருப்பாரு சார், வந்துடுவாரு" என்று அவளே அவனைத் தேற்றி அனுப்புவாள்.