ஓடாத வண்டியின் விலை

எஞ்சின் முதல் திருகலிலேயே உயிர்பிடித்துவிட்டது. அதன் உறுமல் ஷெட்டுக்குள் சுவருக்குச் சுவர் மோதியது. பிரேக் டீச்சர் கிளட்சை அழுத்திக்கொண்டு, கியரின் மேல் கையை வைத்து, திறந்து கிடந்த கேட்டைப் பார்த்தாள். வீட்டு ஹாலில் அப்பா சுவரில் சாய்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கியரைப் போட்டு வாசலுக்குக் கொண்டுபோய் அவரை ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அவள் கண் மீட்டருக்குப் போய்விட்டது. இதுவரை ஓடியது நாற்பத்து மூன்று கிலோமீட்டர் என்று காட்டியது.

டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள். கற்றுக்கொள்கிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதிப்பதுதான் பிழைப்பு. ஆபத்து வருவதற்கு முன்பே மிதித்துவிடுவாள் என்று ஓட்டப் பழகும் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர்தான் பிரேக் டீச்சர். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட, திரையில் ஒரு லாரி வேகமாக வந்தால் அவளுடைய வலது கால் தரையை அழுத்தும். அதைப் பார்த்து அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார்.

கார் அப்பாவுடையது. மஞ்சள் நிறம், இரண்டே இருக்கை, தரையோடு பதுங்கிய உடம்பு. உலகம் முழுவதற்குமாகக் கொஞ்சம்தான் செய்தார்களாம். அப்பா வேலை பார்த்த ஷோரூமில் பல வருடம் கண்ணாடிக்குள் நின்றது. ஒரு வீட்டு விலையைக் கொடுத்து, மாமியாரைக்கூட ஏற்ற முடியாத காரை எவன் வாங்குவான்? ஷோரூமை மூடியபோது, கொடுக்க வேண்டிய பணத்துக்குப் பதிலாக முதலாளி அதை அப்பாவின் தலையில் கட்டிவிட்டார். அப்பா அதை ஒருநாளும் தெருவில் இறக்கியதில்லை. ஞாயிறுதோறும் நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு, துடைத்து, துணி போட்டு மூடுவார். அம்மா அந்தக் காருக்கு வைத்த பெயர் சக்களத்தி.

அந்தச் சக்களத்தியைத்தான் இப்போது குடும்பமே நம்பியிருந்தது. அப்பாவின் இதயக் குழாய்களில் அடைப்பு. ஆபரேஷனுக்கு டாக்டர் சொன்ன தொகை, ஏற்கெனவே அடமானத்தில் இருக்கும் வீட்டையே விற்றாலும் தேறாது. பழைய, அபூர்வமான கார்களுக்கு விலை சொல்லும் மதிப்பீட்டாளர் ஒருவரை விசாரித்துப் பிடித்தார்கள். போன வாரம் வந்தார். ஒரு சின்னக் கருவியைக் காரின் உடம்பெல்லாம் வைத்துப் பெயின்ட்டின் கனத்தை அளந்தார். டார்ச் அடித்து, எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்த்தார். கடைசியில் மீட்டரைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓடாத வண்டி. பாதி விலை இந்த மீட்டருக்குத்தான். ஒருத்தர் கேட்டுட்டே இருக்காரு, பேசிட்டு வந்து முடிவான விலையைச் சொல்றேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."

அப்பா அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை துடைப்பதற்குக்கூடத் துணியை எடுக்கவில்லை. மதிப்பீட்டாளர் மறுநாள் காலை வருவதாக இருந்தது. நெஞ்சுவலி அதற்குள் முந்திக்கொண்டது.

அன்றைக்கென்று ஊரில் வாடகை வண்டிகள் வேலைநிறுத்தம். டிரைவிங் ஸ்கூல் காரோ முதலாளி வீட்டுப் பூட்டுக்குள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால் வருகிறோம், வருகிறோம் என்றார்கள்.

"எடுடி அந்தச் சக்களத்திய!" என்று அம்மாதான் கத்தினாள். "எதுக்குடி நின்னு பாத்துட்டிருக்க?"

"வேணாம் பாப்பா," என்றார் அப்பா. சட்டை முழுக்க வியர்வை. "அதான் ஆம்புலன்ஸ் வருதில்ல? நாளைக்கு அந்த ஆளு வந்து மீட்டரப் பாக்கப்போறாரு. இன்னைக்குப் போய் அதக் கெடுத்துக்கிட்டா அப்புறம் எத வெச்சு ஆபரேஷன் பண்ணுவ?"

"உசிரு போற நேரத்துல மீட்டராம் மீட்டர்!"

"சும்மா இருடி. வாயுவாக்கூட இருக்கும்."

பிரேக் டீச்சர் யார் பேச்சையும் கேட்காமல்தான் சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டது அப்பாவின் பேச்சு மட்டும்தான். ஆஸ்பத்திரி ஏழு கிலோமீட்டர். நாற்பத்து மூன்று ஐம்பதாகிவிடும். பாதி விலை போனால் ஆபரேஷன் இல்லை. ஆபரேஷன் இல்லையென்றால் இன்றைக்குக் காப்பாற்றி என்ன பயன்? இப்படியெல்லாம் கணக்குப் போட்டது தன் மூளைதானா என்று அவளுக்கே பயமாக இருந்தது. கால் கிளட்சை விட்டு எழவில்லை.

போன் அடித்தது.

"மேடம், ஆம்புலன்ஸ். பக்கத்துலதான் இருக்கோம்."

"பக்கத்துலன்னா எங்கேங்க?"

"இதோ, வந்துட்டோம்னு வெச்சுக்கோங்க."

அவள் வந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டாள். எஞ்சினை நிறுத்தி இறங்கினாள். துணியை இழுத்துக் காரை மூடவும் செய்தாள். அதற்கு எப்படி மனம் வந்தது என்பது பிறகு எத்தனை யோசித்தும் அவளுக்கு விளங்கவில்லை.

உள்ளே ஓடியபோது அப்பா தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"எடுத்துட்டியா?"

"இல்லப்பா. ஆம்புலன்ஸ் பக்கத்துல வந்துடுச்சாம்."

"சமத்து," என்றார்.

அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை. அம்மா அவரை உலுக்கினாள், முகத்தில் தண்ணீர் தெளித்தாள், திட்டினாள், கடைசியில் கெஞ்சினாள். பிரேக் டீச்சர் கேட்டுக்கும் ஹாலுக்குமாக ஓடினாள். ஒவ்வொரு முறை ஓடும்போதும் ஷெட்டைத் தாண்டித்தான் ஓட வேண்டியிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது அவருக்கு மூச்சு இல்லை. வந்தவர் அப்பாவின் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்து, "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா..." என்று ஆரம்பித்து, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை மதிப்பீட்டாளர் சொன்னபடி வந்து நின்றார். வர வேண்டாம் என்று அவருக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வாசலில் வரிசையாகக் கிடந்த நாற்காலிகளையும், பேசாமல் உட்கார்ந்திருந்த ஆட்களையும் பார்த்து அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"மன்னிச்சுக்கோங்கம்மா. நான் இன்னொரு நாள் வரேன்."

ஹாலுக்குள் அப்பாவின் தலைமாட்டில் இருந்த அம்மாவின் குரல் வெளியே வந்தது. "பாக்க வந்தவரு பாத்துட்டுப் போகட்டும். அந்த மனுஷன் இருந்தா திருப்பி அனுப்புவாரா?"

மகள் சாவியோடு அவரை ஷெட்டுக்குக் கூட்டிப்போனாள். அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். கதவின் இடுக்குகளைப் பார்த்தார். டயரின் பக்கத்தில் குந்தி அதில் அச்சடித்திருந்த வருடத்தைப் படித்தார். இருக்கையில் உட்காராமல், உடம்பை மட்டும் உள்ளே விட்டு மீட்டரைப் பார்த்தார்.

"அதே நாப்பத்து மூணு. இப்படி ஒரு வண்டிய நான் பாத்ததில்லம்மா. அன்னைக்கு உத்தேசமா சொன்னதுக்கு மேலயே போட்டுத் தரலாம். அவரு அவ்வளவு ஒழுங்கா வெச்சிருந்திருக்காரு."

அவள் தலையாட்டினாள். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டாள்.

"இதுல ஒரு ஏழு கிலோமீட்டர் கூடியிருந்தா எவ்வளவு குறைஞ்சிருக்கும்?"

"ஏழா?" அவர் சிரிக்கப் பார்த்து, இடம் தெரிந்து அடக்கிக்கொண்டார். "நூறுக்குள்ள இருக்கிற வரைக்கும் எல்லாம் ஒரே விலைதாம்மா. ஓடாத வண்டின்னுதான் எழுதுவோம். லாரியில ஏத்தி இறக்கி, வாங்குறவரு ஒரு சுத்து ஓட்டிப் பாத்தாலே அவ்வளவு ஆயிடும். நான் தொடாதீங்கன்னு சொன்னது, யாராவது பாலிஷ் கீலிஷ் போட்டுப் பெயின்ட்டக் கெடுத்துடுவாங்களேன்னுதான்." பையை மூடிக்கொண்டே கேட்டார். "ஏம்மா, எங்கேயாவது எடுத்துட்டுப் போகணுமா?"

"இல்லைங்க. இப்ப எங்கேயும் போக வேண்டியதில்ல."

அவர் போன பிறகு காரைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் நாற்காலிகளில் இருப்பவர்கள் ஓடி வருவார்கள். வந்து, அப்பாவுக்காக அழுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஹாலில் அம்மா அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். முகத்தை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"என்னடி சொன்னாரு? நேத்து எடுத்திருந்தா கெட்டிருக்குமா?"

"கெட்டிருக்கும்மா," என்றாள். "பாதிக்குப் பாதி போயிருக்கும்."

 அம்மா அப்பாவின் பக்கம் திரும்பி, கலைந்திருந்த முடியை நெற்றியிலிருந்து ஒதுக்கிவிட்டாள்.

"நீங்க சொன்னதுதாங்க சரி," என்றாள்.

உப்பு, புளி முதல் தன் கல்யாணப் பேச்சுவரை எத்தனையோ சண்டைகளைப் பார்த்தவள் மகள். அம்மா அவரிடம் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

மதியத்துக்கு மேல் வேன் வந்தது. அப்பாவைப் பின்னால் ஏற்றினார்கள். அம்மாவும் மற்றவர்களும் அவரைச் சுற்றி உட்கார்ந்ததும் இடம் நிறைந்துவிட்டது. "நீங்க முன்னாடி வந்துடுங்க," என்றார் டிரைவர். அவருக்குப் பக்கத்து இருக்கையில், தினமும் உட்காருவதைப்போலவே அவள் உட்கார்ந்தாள்.

டிரைவர் கியரைப் போட்டார். ஷெட்டைத் தாண்டி வேன் மெல்ல கேட்டை நோக்கி நகர்ந்தது. அவளுடைய வலது கால் வெறும் தரையை அழுத்தி மிதித்தது. வேன் நிற்கவில்லை. அவள் இன்னும் அழுத்தி மிதித்தாள்.