இறக்காத லிவர்

மொக்கையனுக்கு விடிந்ததிலிருந்தே வலது தோள்பட்டையை யாரோ கழற்றிப் போட்டதுபோல் இருந்தது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. எஸ்டேட் பவர்ஹவுஸில் பதினெட்டு வருடம் தண்ணீர் வால்வைத் திருகித் திருகி வந்த வலி. ஆடி மழை பிடித்தால் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மலையோடைத் தண்ணீர் குழாயில் இறங்கிச் சக்கரத்தை அடிக்கும். சக்கரம் சுற்றிக் கரண்டு தரும். முன்பெல்லாம் அந்தக் கரண்டு தேயிலை ஃபாக்டரிக்கு மட்டும்தான். போன வருடம், எழுபத்தாறில், அதை மின்சார போர்டின் கம்பியோடு இணைத்தார்கள். மழைக்காலத்தில் மிஞ்சுவதைப் போர்டு வாங்கிக்கொள்ளும். கோடையில் ஓடை வற்றினால் போர்டு கொடுக்கும். இரண்டுக்கும் நடுவில், சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே, ஒரு லிவர். போர்டுக் கம்பியில் கரண்டு இல்லாத நேரத்தில் சக்கரத்தை ஓட்டுவதானால் முதலில் லிவரைக் கீழே இறக்க வேண்டும். இல்லையென்றால் எஸ்டேட் கரண்டு வெளிக்கம்பிக்கும் பாய்ந்துவிடும். எஞ்சினீயர் இதை மூன்று தடவை சொல்லிக் கொடுத்திருந்தார்.

அன்று காலை மேட்டில் ஒரு மரம் சாய்ந்து போர்டுக் கம்பிமேல் விழுந்தது. மொக்கையன் சக்கரத்தை நிறுத்தினான். அரை மணி கழித்துப் போர்டு லைன்மேன் பிச்சைமணி சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்றான். எஸ்டேட் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான இதே லயத்தில் பிறந்தவன், மொக்கையன் வீட்டிலிருந்து நாலாவது வீடு.

"என்ன மாமா, சக்கரம் படுத்துருச்சா? இது சுத்துற சுத்துக்கு எங்க அத்தையே ஆட்டுக்கல்லுல கரண்டு எடுத்துரும்."

"ஒங்க போர்டுதாம்டே படுத்துக் கெடக்கு. ஒத்த மரம் சாஞ்சா ஊரே இருட்டு. வந்துட்டான் பேச."

பிச்சைமணி சிரித்தான். தோள் பையைத் தட்டினான். மூன்று பீங்கான் ஃபியூஸ்கள் உள்ளே கலகலத்தன. லைன்மேன்கள் ஃபியூஸைக் கழற்றித் தங்களோடு எடுத்துக்கொண்டுதான் கம்பம் ஏறுவார்கள். பை தோளில் கிடந்தால் உயிர் தன் கையில் இருப்பதாக ஒரு தைரியம்.

"அங்கிட்டுருந்து கரண்டு வராது மாமா, இந்தா பையில கெடக்கு. இங்கிட்டு நீங்கதான். மரத்த வெட்டித் தள்ளிட்டுக் கம்பத்துல ஏறுவேன். லிவர எறக்கிருங்க."

"எறக்கிருதேன். நீ போ."

அவன் போனபின் மொக்கையன் லிவரை அண்ணாந்து பார்த்தான். இரண்டு கையாலும் தொங்கி இழுத்தால்தான் இறங்கும். கையை உயர்த்தினான். காதுக்கு மேல் போகவில்லை. சக்கரம்தான் நிற்கிறதே, தண்ணீர் திறக்கும் முன் இறக்கிக்கொள்ளலாம் என்று பீடியைப் பற்றவைத்தான். சோம்பலில்லை, வலி என்று பின்னால் பலமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இரண்டும்தான்.

பதினொன்றரைக்கு ஃபாக்டரி மணி மூன்று தடவை அடித்தது. வாடப்போட்ட கொழுந்து கெடப்போகிறது, தண்ணீரைத் திற என்று அர்த்தம். பதினெட்டு வருடமாக அந்த மூன்று அடி கேட்டதும் அவன் கை வால்வுக்குத்தான் போகும். லிவர் வந்தது போன வருடம். இடது கையால் வால்வைத் திருகினான். சக்கரம் எழுந்தது. பல்பு மஞ்சளாகிப் பிறகு வெளுத்தது. அப்பாடா என்று அவன் மூச்சு விட்டபோது மேட்டிலிருந்து கொழுந்து கிள்ளும் பெண்களின் அலறல் கேட்டது.

முதலில் வால்வை மூடினான். அடுத்து, லிவரில் உடம்போடு தொங்கி அதைக் கீழே இறக்கினான். அப்போது கை உயர்ந்தது.

கம்பத்திலிருந்து விழுந்த பிச்சைமணிக்கு உயிர் இல்லை. பை கிழிந்து ஃபியூஸ்கள் தேயிலைச் செடிக்குள் சிதறியிருந்தன. மூன்றில் இரண்டுதான் கிடைத்தன. எத்தனை ஃபியூஸ் கழன்றிருந்தது என்று யாரும் குறித்துவைக்காமல், அன்று சாயங்காலமே புது ஃபியூஸ் போட்டுக் கம்பிக்குக் கரண்டு கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் போர்டிலிருந்து ஒரு மலையாளத்து அதிகாரி ஜீப்பில் விசாரணைக்கு வந்தார்.

"லிவர் எறக்கியிருந்நோ? சத்தியம் பறயணம்."

வேலை போனால் லயத்து வீடும் போகும். வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள் இரண்டு பேர்.

"எறக்கித்தான் இருந்துச்சுங்கய்யா."

அதிகாரி எழுதிக்கொண்டார். கிடைத்த ஃபியூஸ் இரண்டுதான்; அப்படியென்றால் பிச்சைமணிதான் ஒரு ஃபியூஸைக் கழற்றாமல் ஏறியிருக்கிறான். அவன் கவனக்குறைவுக்குப் போர்டோ எஸ்டேட்டோ பொறுப்பில்லை என்று முடிந்தது.

கருமாதி கழிந்து பிச்சைமணியின் பெண்டாட்டி சுருளியம்மாள் கைக்குழந்தையோடு மொக்கையன் வாசலில் வந்து நின்றாள்.

"சித்தப்பா, தப்பு அவரு பேர்லன்னு எழுதிட்டாவ. ஃபியூஸ எடுக்காம அவரு ஒருநாளும் ஏறுனதில்ல. கடைசியா ஒங்ககிட்டதான பேசிட்டுப் போனாரு? ஏதாச்சும் சொன்னாரா?"

"சிரிச்சுக்கிட்டே போனான்த்தா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மறுநாள் அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்துக்குப் போனாள். மொக்கையன் அவள் வீட்டுக்கு விறகு கொண்டுபோய்ப் போட்டான். ஒழுகின கூரைக்குத் தகரம் அடித்துக் கொடுத்தான். ஒவ்வொரு தடவையும் அவள், "நல்லா இருங்க சித்தப்பா" என்றாள். அதைக் கேட்டு வந்த அன்றைக்கெல்லாம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

விறகும் தகரமும் எந்தக் கணக்கிலும் கழியவில்லை. லிவரை நான் இறக்கவில்லை, தண்ணீரைத் திறந்தது நான், உன் புருஷன் பேரில் தப்பில்லை. இதை ஆபீசிலும் அவள் முகத்துக்கு நேரேயும் சொல்வதுதான் மொக்கையன் சுருளியம்மாளுக்குப் பட்டிருக்கிற கடன். அதை அவன் இன்னும் கொடுக்கவில்லை.