வீடு யார் பெயரில்?

1

மேசையின் தலைப்பக்கம் அப்பா, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அவருக்கு வலப்புறம் என் மனைவி. முதியவர்களை வீடு தேடிப்போய்ப் பார்க்கும் நகராட்சி நர்ஸ். கதவோரம், நாற்காலி நுனியில், பக்கத்து வீட்டு ரொட்டிக்கடைக்காரர். எதிரே காகிதமும் பேனாவுமாக நான். நகராட்சிக்கு விண்ணப்பம் எழுதத்தான் உட்கார்ந்தேன், கதையாகிவிட்டது.

2

முதுமை என்பது ஒரு நாட்டின் கருவூலத்தை...

(விட்டுவிட்டேன். பள்ளிக் கட்டுரைப் போட்டி வாடை அடிக்கிறது.)

நேராகவே சொல்கிறேன். அறுபத்தைந்தைத் தாண்டியவர் பெயரில் வீடு இருந்தால் எங்கள் ஊரில் வீட்டு வரி இல்லை. விதி வந்தபோது அப்படிப்பட்டவர்கள் குறைவு. இப்போது தெருவெல்லாம் அவர்கள்தான். போதாததற்கு, இளையவர்களும் வீட்டை மூத்தவர் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள். மிச்சமிருக்கும் சில வீடுகளின் மேல் வரி ஏறிக்கொண்டே போகிறது. அப்பா எப்போதோ என் பெயருக்கு எழுதிவைத்த எங்கள் வீடும் அதில் ஒன்று. அதுவும் போதாமல், நகராட்சியில் பணமில்லை என்று என் மனைவியின் வேலையை நிறுத்தப்போகிறார்களாம்.

3

"ஊரே மாத்தியாச்சு. நாம மட்டும் இளிச்சவாயங்களா? என் பேருக்கு மாத்தி எழுதுடா," என்றார் அப்பா.

"எங்க வீட்ல பெரியவங்க யாரும் இல்லீங்களே. ஒருத்தரை வாடகைக்குக் கொடுங்களேன்," என்றார் கடைக்காரர்.

"என்னையே எடுத்துக்கோ. ரொட்டி சூடா இருக்கணும்."

கடைக்காரர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை வரியை ஏத்தினா கடையை மூடிட்டுக் கிளம்பிடுவோம் ஐயா."

"மாமா, என் வேலை போனாலும் உங்களுக்கு பிரஷர் நான் பாத்துடுவேன்," என்றாள் மனைவி. "தனியா இருக்கற எதிர்வீட்டம்மாவுக்கு யாரு பாப்பாங்க?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

4

இந்த இடத்தில் அப்பா மனம் மாறுவதாக ஒரு முடிவு எழுதினேன். வாங்கிப் படித்தவர், பேனாவால் குறுக்கே கோடு போட்டார்.

"நான் இவ்ளோ நல்லவன் இல்லடா. நாப்பது வருஷம் வரி கட்டியிருக்கேன்."

பேனாவைத் திருப்பிக் கொடுத்து, "பேர் மாத்தற விண்ணப்பத்தோட இன்னொரு மனுவும் எழுது. வயசைப் பாக்காதீங்க, வருமானத்தைப் பாருங்க. எல்லாருக்கும் அப்படின்னா நானும் கட்டறேன். தனியா மட்டும் கட்டமாட்டேன்."

"ரெண்டுல எதை அனுப்பறது மாமா?"

"ரெண்டையும். ஒரே கவர்ல. முதல்ல எதைப் படிக்கிறாங்களோ, அதுபடி நடக்கட்டும்."

"அப்ப மேல எதை வைக்கறது?" என்றாள் மனைவி. கடைக்காரர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

5

வாசகரே, உங்கள் வீடு யார் பெயரில் இருக்கிறது? அதை மனதுக்குள் சொல்லிக்கொண்ட பிறகு, எந்தக் காகிதம் மேலே என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

நான் உறையை ஒட்டி, ஓரங்களை விரலால் அழுத்தி, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டேன்.