ரெமிஜியஸின் ஹெட்லைட்

நகக்கண்ணில் ஒட்டியிருந்த கறுப்பைத் தீக்குச்சி முனையால் சுரண்டிக்கொண்டிருந்தாள் கிரேஸ். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தும் புருஷன் விரலிலிருந்து அந்தக் கிரீஸ் போகவில்லை. செத்த பிறகும் அந்தக் கார் அவன் கையை விடமாட்டேன் என்கிறது, சனியன்.

"விடுங்க அண்ணி. ஜெபமாலை சுத்தினா தெரியாது," என்றான் கொழுந்தன் ஆரோக்கியசாமி.

"எனக்குத் தெரியும்."

புருஷனுக்கு இன்னொருத்தி இருந்தால் லிங்கராஜபுரத்தில் நாலு பேரிடம் சொல்லி அழலாம். இவளுக்கு வாய்த்த சக்களத்தி ஒரு பழைய எஸ்டீம் கார். ரோட்டில் ஓடாது; கார் ஷோவுக்கு மட்டும் போகும். அதன் ஹெட்லைட் இரண்டையும் பிரித்து உள்ளே பொடிப்பொடி எல்.ஈ.டி.களைத் தன் கையாலேயே பதித்தான் ரெமிஜியஸ். மழையில் தண்ணீர் இறங்கிவிடுமாம். கழற்றிக் கொண்டுவந்து, பீரோவில் இவள் பட்டுச்சேலைகளை ஒதுக்கிவிட்டு அங்கே வைத்தான். ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்தபோது ஆத்திரம் தாங்காமல், அவன் போனிலிருந்தே அந்த விளக்குகளை விற்பதாக விளம்பரம் போட்டாள் கிரேஸ். பிழைத்து வந்து கத்தட்டுமே என்று நினைத்தாள். அவன் வரவில்லை. சாவு அமளியில் விளம்பரத்தை எடுக்க மறந்துபோனாள்.

வாசலில் பந்தலைப் பார்த்ததும் ஒரு பெண் ஸ்கூட்டரை அப்படியே சாய்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"விக்கவே மாட்டேன்னு சொன்னீங்களே அண்ணா!"

கதறி விழுந்தவளை ஜனங்கள் தாங்கிப் பிடித்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். தலைமாட்டில் உட்காரவைத்து முதுகைத் தடவினார்கள். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி கிரேஸின் காதில், "யாரும்மா இது, உன் நாத்தனாரா?" என்றாள். காலையிலிருந்து கிரேஸுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அவள் முதுகை யாரும் தடவவும் இல்லை.

"நான் யாமினி, அக்கா. நானும் ஷோவுக்குக் கார் ரெடி பண்றேன். விளம்பரம் பாத்து பயந்துபோய் ஓடியாந்தேன். அந்த லைட்டுக்கு ஷோவுல பரிசு வந்தப்போ அண்ணா எப்படி அழுதாரு தெரியுமா?"

தெரியாது. அவன் அழுது இவள் பார்த்ததே இல்லை.

"வீட்ல சொல்லிடாத, திட்டுவாங்கன்னாரு."

ஓகோ, தன்னைப் பற்றியும் பேசியிருக்கிறார்களா?

"வேற யாருக்கும் குடுத்துடாதீங்க அக்கா. நானே எடுத்துக்கறேன்."

கிரேஸ் எழுந்து உள்ளே போனாள். பீரோவைத் திறந்து ஒரு விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுபடி பூட்டினாள். கொண்டுவந்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

"இன்னொண்ணு எங்கக்கா?"

"அது எங்கிட்ட இருக்கும்."

"ஒண்ண வெச்சிக்கினு என்னக்கா பண்றது? ரெண்டும் இருந்தாத்தான மாட்ட முடியும்?"

"மாட்டாத. உன் எதிர்ல அழுதாரு இல்ல, அதுக்கு ஒண்ணு. பாக்கி என்னுது."

வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். "ஒந்து நிமிஷா சார்!" என்று கன்னடத்தில் கத்தினான் ஆரோக்கியசாமி. பெட்டியை மூட நாலு பேர் வந்து நின்றார்கள். கடைசியாக முகம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

விளக்கு பெரியது. இரண்டு கையாலும் அதை அணைத்திருந்த யாமினியால் கண்ணைத் துடைக்க முடியவில்லை. மூக்கு ஒழுகி மேலுதட்டுக்கு வந்திருந்தது.

கிரேஸ் தன் முந்தானையை எடுத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். கொஞ்சம் அழுத்தியே துடைத்தாள்.